விதைப் பாக்கெட்டுக்கு முன்னால் மண்ணின் வரலாற்றைக் கொடுங்கள்

போன மாதம் ஒரு கல்லூரியில் நகர்ப்புறத் தோட்டம் குறித்துப் பயிலரங்கு நடந்தது. பேச வந்தவர் நல்ல விஷயத்தைத்தான் சொன்னார். "செடி வைக்கும் முன்னால் உங்கள் மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்." அடுத்த மூச்சிலேயே, "மண் சரியில்லையா, கவலைப்படாதீர்கள், இரண்டு மூட்டை செம்மண், ஒரு மூட்டை தொழுவுரம், ஒரு தென்னைநார்க் கழிவுக் கட்டி வாங்கிவிடுங்கள்" என்றார். அரங்கமே குறித்துக்கொண்டது. எங்களோடு வந்த மாணவி ஒருத்தி மட்டும் பேனாவை எடுக்கவில்லை. மறுகுடியமர்வுக் குடியிருப்பில் ஏழாவது மாடியில் வளர்ந்தவள் அவள். வெளியே வந்து டீ குடிக்கும்போது கேட்டாள்: "உங்க மண்ணு, உங்க மண்ணுன்னு பத்து வாட்டி சொன்னாரே அக்கா, எங்களுக்கு எது மண்ணு?"

அவளுக்கு அன்று எங்களால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இது அந்தப் பதில். அவளுக்கும், அவளைப் போல நம்மோடு களத்துக்கு வருகிற மற்ற தோழர்களுக்கும்.

முதலில் சென்னை மண். கடலோரமும் ஆற்றோரமும் மணல். திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் தோண்டினால் ஊற்றுகிற தண்ணீர் அடுத்த நிமிடம் காணாமல் போகும். தியாகராய நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் என்று நகரத்தின் பெரும்பகுதி களிமண். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் கடினப் பாறை. தோட்டக் கையேடுகள் இத்தோடு நிறுத்திக்கொண்டு, மணலுக்கு மக்கு உரம் சேர், களிக்கு மணல் சேர் என்று வைத்தியத்துக்குப் போய்விடும்.

தியாகராய நகர் ஏன் களிமண் என்று கையேடு சொல்லாது. அது ஏரி. மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்து 1920களில் உருவாக்கிய குடியிருப்பு அது. வள்ளுவர் கோட்டம் நிற்கிற இடம் நுங்கம்பாக்கம் ஏரி. ஆக, நீர்நிலையின் மேல் குடியேறுவது ஏழைகளின் பழக்கம், அவர்கள்தான் ஆக்கிரமிப்பாளர்கள் என்று நீதிமன்ற வராண்டாவிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் பேசுகிறார்களே, அந்தப் பேச்சின் அடியில் ஒரு சாண் தோண்டினால் போதும், ஏரிக் களிமண் வந்துவிடும். அங்கே வீடு வைத்திருப்பவரிடம் பத்திரம் இருக்கிறது. கூவக் கரையில் குடிசை வைத்திருந்தவரிடம் அது இல்லை. இரண்டு பேர் காலடியிலும் இருப்பது நீர் கொண்டுவந்து போட்ட மண்தான்.

யாருக்கு எந்த மண் என்பதை நம் ஊரில் இயற்கை தீர்மானித்ததில்லை. ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில். நன்செய் ஊருக்கு, தரிசும் களரும் மற்றவருக்கு. வருவாய்த்துறையின் அ-பதிவேட்டை எடுத்துப் பாருங்கள், இணையத்திலேயே கிடைக்கிறது. 'மண் வயனமும் ரகமும்', 'மண் தரம்' என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். வெள்ளைக்காரன் தீர்வை போடுவதற்காக ஒவ்வொரு புலத்தின் மண்ணையும் தரம் பிரித்து எழுதிய மரபு அது. எந்த மண் எவ்வளவு விளையும் என்று அரசுக்கு நூறாண்டுக்கு மேலாகத் தெரியும். தெரிந்தேதான் பங்கீடு நடந்தது. செங்கல்பட்டில் ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதி, அதன் தொடர்ச்சியாக 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டபோதும் கையில் கிடைத்தது பெரும்பாலும் அரசிடம் கிடந்த தரிசுதான். அந்தத் தரிசையும் நம் மக்கள் உழைத்துப் பண்படுத்திய பிறகு அது கை மாறிய கதை உங்களுக்குத் தெரியும். காரணை பஞ்சமி நில மீட்புக்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். மண் தரம் என்கிற அந்தச் சின்னக் கட்டத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

இப்போது அந்த மாணவியின் குடியிருப்புக்கு வருவோம்.

கண்ணகி நகர் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. பிறகு செம்மஞ்சேரி, பிறகு எட்டடுக்குப் பெரும்பாக்கம். மூன்றும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்திலோ அதன் நீர்ப் போக்கிலோ இருப்பவை. சதுப்பு நிலத்தின் மிச்சமிருக்கும் பகுதிக்கு 2022இல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது, மகிழ்ச்சி. அந்தச் சதுப்பின் இன்னொரு பகுதியில் பெருங்குடிக் குப்பை மேடு இருக்கிறது, பக்கத்திலேயே நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்து வரப்பட்ட மக்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். நகரம் தனக்கு வேண்டாதவற்றை ஒரே திசையில் அனுப்பியிருக்கிறது. வடக்கே கொடுங்கையூர், எண்ணூர்ச் சாம்பல் என்று இன்னொரு வரைபடம் உண்டு, அதைத் தனியாக எழுதுகிறோம். வாரியத்தின் பெயரிலிருந்து 'குடிசை மாற்று' 2021இல் போய் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாடு' வந்துவிட்டது. பெயர்ப் பலகைக்குக் கீழே இருந்த மண் மாறவில்லை.

அப்படியான குடியிருப்பு ஒன்றில்தான் மூன்று வருடமாக வேலை செய்கிறோம். பெயர் சொல்லப்போவதில்லை. அங்கே இரண்டு பிளாக்குகளுக்கு நடுவில் ஒரு குழி வெட்டினோம், இரண்டடி ஆழம். மேலே நாலு விரல் கனத்துக்குத் தூசியும் பிளாஸ்டிக்கும். அதன் கீழே ஓரடிக்குக் கட்டட இடிபாடு. செங்கல் துண்டு, சிமெண்ட் கட்டி, டைல்ஸ் உடைசல். அதன் கீழே லாரியில் கொண்டுவந்து கொட்டிய சவுடு. அடியில்தான் சதுப்பின் கறுப்புக் களி, தொட்டால் வெண்ணெய் மாதிரி ஒட்டுகிறது, அழுகின முட்டை நாற்றம். எங்கோ யாருடைய வீட்டையோ இடித்த குப்பையை, இங்கே வீடு இடிக்கப்பட்டு வந்தவர்கள் காலடியில் பரப்பியிருக்கிறார்கள். இதற்கு மேல்தான் 'பசுமைக் குடியிருப்பு' திட்டம், விதைப் பாக்கெட் வினியோகம், போட்டோ.

அந்த விதைப் பாக்கெட்டை வினியோகித்தவர்களில் நாங்களும் உண்டு. அதை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

வெண்டை, கத்தரி, சிறுகீரை, முளைக்கீரை. ஒரு தனியார் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி, நாற்பது குடும்பம். முளைத்தது. மூன்றாவது வாரம் வெண்டையில் புது இலைகளெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. நிதி கொடுத்தவர்கள் சார்பில் பார்வையிட வந்தவர் எங்கள் காதுபடவே சொன்னார், "இந்த ஜனங்களுக்குச் செடி வளர்க்கப் பொறுமை கிடையாது, தண்ணி ஊத்தியிருக்க மாட்டாங்க." எங்களுக்கும் பதில் தெரியாமல் தலையாட்டிக்கொண்டு நின்றோம். சமூகவியலில் முதுகலை முடித்தவர்கள்தாம் நாங்கள். மக்கள் மேல் பழி போடும் மொழியைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதியவர்கள்.

பதில் சொன்னது அந்த பிளாக்கின் தரைத்தளத்து ஆயா. அறுபதைத் தாண்டிய அவர், கல்யாணமாகிப் பட்டணம் வரும்வரை செங்கல்பட்டுப் பக்கம் நடவுக்கும் களைக்கும் போனவர். ஒரு கைப்பிடி அள்ளி, எச்சில் தொட்டு உருட்டிப் பார்த்தார். உருண்டை நிற்கவில்லை. "இதுல சுண்ணாம்பு கீது. சிமிட்டி தின்னா செடி எப்பிடிம்மா எந்திரிக்கும்?" என்றார். பிறகு சுவர் ஓரத்தைக் காட்டி, "அங்க பாரு, உமரி மொளச்சிருக்கு. உப்பு. அங்க இன்னா வெச்சாலும் கருகும்" என்றார்.

சரியாகச் சொன்னார். சிமெண்ட் இடிபாடு மண்ணின் கார அமிலத் தன்மையை 8க்கு மேல் தூக்கிவிடும். காய்கறிக்கு 6லிருந்து 7.5 வரை போதும். காரம் ஏறினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அதனால்தான் புது இலை மஞ்சளாகிறது. தழைச்சத்துப் பற்றாக்குறை என்றால் அடி இலைதான் முதலில் வெளுக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் அந்தப் பார்வையாளரின் வாயை அங்கேயே அடைத்திருப்போம். இந்த வேலையைப் புத்தகம் படித்தவர்கள் மட்டும்தான் செய்ய முடியும் என்று நினைக்கிற பொதுப்புத்தியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மண்ணைச் சொந்தமாக வைத்திருந்தவர்கள் வரப்பில் குடை பிடித்து நின்றார்கள். அதைக் காலால் மிதித்து, கையால் பிசைந்து, குழி வெட்டி, கிணறு தோண்டி, பிணம் புதைத்து அறிந்தவர்கள் நம்மவர்கள். அந்த அறிவுக்கு இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் 'பாரம்பரிய அறிவு' என்று பொதுப் பெயர் வைத்து, மேடையில் வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அதோடு 'தாத்தா காலத்துக் கிராமத்து மண்' என்ற ஏக்கம் வேறு. கிராமத்தைக் கொண்டாடுகிறவர்களுக்கு அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலேயே பதில் சொல்லிவிட்டார். நமக்கு அந்த ஏக்கம் தேவையில்லை. ஆயாவுக்கும் அது இல்லை. "அந்த மண்ணுல எனக்கு இன்னா இருந்துச்சு, முதுகு வலிதான்" என்கிறார்.

ஆனால் நாங்கள் இதை எழுத உட்கார்ந்த காரணம் வெண்டைக்காய் இல்லை.

பிளாக்கின் பின்பக்க மூலையில் ஒரு கீரைப் பாத்தி போட்டிருந்தோம். நன்றாகவே வந்திருந்தது. அறுப்புக்கு முந்தின நாள் ஒரு அக்கா வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த மூலையில்தான் சில வருடம் பழைய பேட்டரி உடைப்பார்களாம், செம்புக்காக ஒயர் எரிப்பார்களாம். "அந்த மண்ணுல போட்ட கீரைய புள்ளைங்களுக்குக் குடுக்கலாமா?" எங்களில் ஒருவர் சொன்ன பதிலை எழுதவே கூச்சமாக இருக்கிறது. "மக்கு உரம் போட்டிருக்கோம்க்கா, ஒண்ணும் ஆகாது." இரவில்தான் உறைத்தது. ஈயம் மக்காது. இயற்கை உரம் போட்டாலும் போகாது, மழையிலும் எளிதில் கரைந்து ஓடாது, மேல் மண்ணிலேயே பல பத்தாண்டுகள் கிடக்கும். குழந்தையின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தக்காளி, வெண்டை போன்ற காய்களுக்குள் ஈயம் அதிகம் ஏறுவதில்லை. கீரையிலும் கிழங்கிலும்தான் ஆபத்து அதிகம், இலையில் ஒட்டுகிற தூசியையும் சேர்த்து. நாங்கள் தேர்ந்தெடுத்துப் போட்டது கீரை.

மறுநாள் காலை எல்லாவற்றையும் பிடுங்கினோம். அந்த அக்கா கேட்காமல் இருந்திருந்தால் நாற்பது வீட்டுக் குழந்தைகள் சாப்பிட்டிருப்பார்கள், நாங்கள் அதைப் படமெடுத்து ஆண்டறிக்கையில் போட்டிருப்போம்.

பிறகு பரிசோதனைக்கு ஓடினோம். அரசின் மண் பரிசோதனை நிலையத்தில் கார அமில நிலை, உப்பின் அளவு, தழை, மணி, சாம்பல் சத்து, நுண்ணூட்டம் பார்ப்பார்கள். விவசாயிக்கு அது போதும். ஈயம், காட்மியம் அந்தப் பட்டியலில் வராது. படிவத்தில் புல எண் என்று ஒரு கட்டம். எங்கள் மக்களிடம் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை, அதில் பிளாக் எண்ணும் கதவு எண்ணும்தான் உண்டு. "நிலம் யார் பேர்ல?" என்று கேட்டார்கள். வாரியத்தின் பேரில். "அப்ப அவங்கதான் கொடுக்கணும்." வாரியத் தரப்பில் போய்க் கேட்டால், "தோட்டம் போடச் சொன்னது யாரு?" தனியார் ஆய்வகம் ஒன்று ஒரு மாதிரிக்கு, ஒரு உலோகத்துக்கு இவ்வளவு என்று விலை சொன்னது. எங்கள் திட்டத்தில் விதைக்கு ஒதுக்கிய தொகையைவிட அது அதிகம். விதைக்குப் பணம் உண்டு, அந்த விதை விழுகிற மண்ணைப் பார்க்கப் பணம் கிடையாது. யாரும் திட்டமிட்டுச் செய்த சதி என்று நாங்கள் சொல்லவில்லை. இங்கே வாழ்பவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற நிம்மதியில் எழுதப்பட்ட பட்ஜெட் அது, அவ்வளவுதான்.

கீரையை விடுங்கள். அந்த மூலையில் இப்போதும் குழந்தைகள் கோலி விளையாடுகிறார்கள். ஈயம் கீரை வழியாகப் போவதைவிட, மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும்போதுதான் அதிகம் போகும். தோட்டம் போடப் போகாமல் இருந்திருந்தால் அந்த மூலையைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

நம் தோழர்களில் சிலர் எங்களைக் கேலி செய்கிறார்கள். நிலவுரிமை பேச வேண்டிய நேரத்தில் தொட்டிச் செடியா, மாடித் தோட்டம் என்பது நடுத்தர வர்க்கத்துப் பொழுதுபோக்கு என்கிறார்கள். பாதி நியாயம் இருக்கிறது. மாடித்தோட்டத் தளைகளுக்கு அரசு மானியம் கொடுக்கும்போது, மாடி யாருக்கு இருக்கிறது என்று கேட்பதில்லை. நாங்கள் வேலை செய்யும் பிளாக்குகளில் மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு. சாவி யாரிடம் என்று ஆறு மாதமாகத் தேடுகிறோம். நகரத்துத் தொட்டிகளுக்குப் போகிற மூட்டைச் செம்மண் எந்தக் கிராமத்து மேட்டை வெட்டியது, அந்தக் கிராமத்தில் எந்தத் தெரு இப்போது பள்ளத்தில் கிடக்கிறது என்றும் யாரும் கேட்பதில்லை. அந்தத் தொட்டிக்கு வாங்குகிற மாநகராட்சி மக்கு உரத்தைத் தயாரித்தது யாருடைய கை என்று கேட்டால் தோட்டக் குழுவில் அமைதி நிலவும். தூய்மைப் பணியாளரைப் படிக்கட்டில் ஏற விடாத வீட்டில், அவர் பிரித்து, கிளறி, சலித்த உரம் ரோஜாவுக்குப் போகிறது.

இதெல்லாம் உண்மை. ஆனாலும் மீதிப் பாதியில் தோழர்கள் தவறு செய்கிறார்கள். நிலவுரிமை என்று கோஷம் போடும்போது ஏக்கர் கணக்கை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், கையில் தருவது இடிபாடும் ஈயமுமாக இருந்தாலும் கணக்கு சரியாகிவிடும். நூற்று முப்பது வருடத்துக்கு முன் தரிசைக் கொடுத்தார்கள். இப்போது சதுப்பில் இடிபாட்டைப் பரப்பிக் கொடுக்கிறார்கள். எந்த மண், அதில் முன்னால் என்ன நடந்தது, என்ன கொட்டப்பட்டது, யார் கொட்டியது என்று கேட்கத் தெரிய வேண்டும். அதற்கு மண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்.

மாணவர்களுக்குச் சொல்கிறோம், இதற்குப் பெரிய செலவில்லை. மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், துளி சோப்புத் தூள். குலுக்கி வைத்தால் ஒரு நிமிடத்தில் மணல் அடியில் படியும், சில மணி நேரத்தில் வண்டல், ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகிக் களி. அடுக்குகளை அளந்தால் மண்ணின் ஜாதகம் வந்துவிடும் (ஜாதகத்தில் நாங்கள் நம்பும் ஒரே வகை இதுதான்). மண்ணில் வினிகர் ஊற்றி நுரைத்தால் சுண்ணாம்பு, அதாவது பெரும்பாலும் சிமெண்ட். ஓரடிக் குழியில் தண்ணீர் நிரப்பிவிட்டு மறுநாள் போய்ப் பாருங்கள், அப்படியே நின்றால் வேர் அழுகும். தானாக முளைத்த செடியைக் கவனியுங்கள். உமரி என்றால் உப்பு, கோரை என்றால் நீர்த்தேக்கம். வாட்ஸ்அப்பில் ஜிப்சம் போடச் சொல்லி வரும், நம்பி வாங்காதீர்கள். ஜிப்சம் களருக்கு மருந்து. உவருக்கு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், கழுவிய தண்ணீர் வடிய வழி வேண்டும். இங்கே நல்ல தண்ணீர் லாரியில் வருகிறது, குடத்துக்கு வரிசையில் நிற்கிறோம். ஆகவே உப்பு மூலையில் தரையை விட்டுவிட்டு, வேறு மண் கொண்டுவந்து உயர்த்திக் கட்டிய பாத்திதான் வழி.

மிக முக்கியமாக, பாட்டிலும் வினிகரும் ஈயத்தைக் காட்டாது. அதைக் காட்டுவது அங்கே வாழ்கிறவர்களின் நினைவுதான். எங்கே எரித்தார்கள், எங்கே பேட்டரி உடைத்தார்கள், பழைய பெயிண்ட் சுவர் எங்கே இடிந்தது, எந்தப் பக்கம் மெயின் ரோடு. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 வரை ஓடியது, பெயிண்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய சாலையோர மண்ணும் பழைய சுவரோர மண்ணும் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. ஆகவே முதலில் வீடு வீடாகப் போய்க் கேளுங்கள், வரைபடம் போடுங்கள், பிறகு மண்வெட்டியைத் தொடுங்கள். நாங்கள் தலைகீழாகச் செய்தோம்.

அந்த மூலைக்கு இப்போதைக்குக் கயிறு கட்டித் தடுத்திருக்கிறோம். தூசி பறக்காமல் தென்னை மட்டையும் சருகும் பரப்பியிருக்கிறோம். மண்ணில் என்ன கொட்டி நிரப்பினீர்கள், எங்கிருந்து கொண்டுவந்தீர்கள், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறோம். ஈயப் பரிசோதனையை அரசே செலவு செய்து நடத்த வேண்டும், குழந்தைகளின் இரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்று 212 பேர் கையெழுத்திட்ட மனு போயிருக்கிறது. அடுத்து விதைப் பாக்கெட்டோடு வருகிற எந்த நிறுவனத்திடமும் முதல் கேள்வியாக மண் அறிக்கை எங்கே என்று கேட்பதாகப் பெண்கள் குழுவில் முடிவு. எங்களிடமும் சேர்த்துத்தான்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மற்ற ஐந்து பிளாக்குகளிலும் குழி வெட்டிப் பார்க்கிறோம். கடப்பாரை இருக்கிறது. வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு கண்ணாடி பாட்டில் கொண்டுவாருங்கள், ஆயா முன்னால் நடப்பார். பேட்டரி மூலைப் பக்கம் செருப்பில்லாமல் போகாதீர்கள், வந்ததும் கை கழுவாமல் டீ குடிக்காதீர்கள்.